சாமந்தி விற்கும் மாதம்

நடு அக்காவின் மகன் ஸ்ரீ சிட்டியில் ஓர் ஆலையில் வேலை செய்கிறான். தலைமையகம் பாரிஸில். இந்த வருடம் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஆட்களை அங்கே அனுப்புகிறார்கள். ஏப்ரல் மூன்றாவது வாரம், ஆகஸ்ட் கடைசி வாரம், அக்டோபர் கடைசி வாரம் என மூன்று அணிகள். எதில் சேர விருப்பம் என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு சத்தியவேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"நீங்க அங்க போய் இருந்திருக்கீங்களே சித்தி, எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?"

அதற்குள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லி முடித்திருந்தார்கள். அவன் அம்மா ஏப்ரல் என்றாள். இங்கே அனல் தொடங்கும் நேரத்தில் பிள்ளை குளிர்ச்சியான இடத்தில் இருப்பான் என்பது அவள் கணக்கு. அவனோடு அறையில் தங்கியிருக்கும் பையன்கள் ஆகஸ்ட் என்றார்கள். பாரிஸ் மாணிக்க விநாயகர் கோயில் தேர் அந்தச் சமயத்தில் ஓடும் என்று வீடியோவில் பார்த்திருந்தார்கள். அக்டோபரை ஒருவரும் சொல்லவில்லை. நான் அதைச் சொன்னேன். பையன் முகம் வாடிவிட்டது.

"இருட்டு, மழை, குளிர்னு சொல்றாங்களே. ஒண்ணும் பாக்க முடியாதாமே?"

அன்று அவனுக்குச் சரியாக விளக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் போன பிறகு நினைக்க நினைக்க நீண்டுகொண்டே போனது. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரலைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வெறும் கிளையாக நின்ற மரங்கள் பத்து நாளில் இலை கட்டி நிற்கும். வீதியோரக் குதிரைக் கஷ்கொட்டை மரங்களில் மாதக் கடைசியில் வெள்ளைப் பூங்கொத்துகள் மெழுகுவத்தி ஏற்றியதுபோல நிமிர்ந்து நிற்கும். பகல் நீண்டுகொண்டே போகும். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து பதின்மூன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். பாரிஸ் ஏறக்குறைய 49 பாகையில் இருக்கிறது. ஜூனில் அங்கே பகல் பதினாறு மணி நேரம். சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். டிசம்பரில் பகல் எட்டேகால் மணி நேரம். மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் விளக்கு வைக்கிற வீட்டில் வளர்ந்த ஒருத்திக்கு, அந்த வித்தியாசத்தின் எந்த முனையும் அதிசயம்தான். ஒளி இருக்கும் முனைக்குப் போ என்று சொல்வது இயல்பு. நானும் என் விருப்பத்துக்குப் போயிருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

ஆனால் 'எந்த மாசம் நல்லா இருக்கும்' என்ற கேள்வியே எங்கள் பக்கத்துக்குப் புதிது. சத்தியவேடு 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தில் பொன்னேரித் தாலுகாவோடு இருந்தது. படாஸ்கர் எல்லைத் தீர்ப்புப்படி திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போக, எங்கள் ஊர் ஆந்திரப் பக்கம் வந்தது. அதனால் எங்கள் வீட்டுச் சுவரில் தமிழ் காலண்டர் ஒன்று, தெலுங்குக் காலண்டர் ஒன்று. யுகாதிக்கு ஒரு பச்சடி, சித்திரை முதல் நாளுக்கு ஒரு பச்சடி. இரண்டு காலண்டரிலும் பயணத்துக்கு நாள் பார்ப்பார்கள், திசை பார்ப்பார்கள், வானிலை பார்த்ததில்லை. திருமலைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை நடந்தே போகிறவர்கள் மழை வருமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவதில்லை. கூட்டம் நெரிகிற மாதம் என்று தெரிந்தே போகிறார்கள். அந்த மாதத்தில் அங்கே இருக்கிறவரைப் பார்க்கப் போகிறார்கள்.

தொல்காப்பியம் வருடத்தை ஆறாகப் பிரித்து ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதை உரியதாக்கியது பள்ளிப் பாடமாகப் படித்தது. அதில் ஒன்றை வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன். பாலைக்கு வேனிலும் நண்பகலும். பாலையின் ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடிப் போகிறவன் நல்ல வெயிலில் புறப்படுகிறான். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், நள்ளிரவு யாமமும். குறிஞ்சியின் ஒழுக்கம் புணர்தல், அதாவது சந்திப்பு. ஐப்பசி கார்த்திகையின் மழையும் குளிரும் இருட்டும், வழுக்குகிற மலைப் பாதையும் சேர்ந்த நேரத்தைத்தான் நம் இலக்கணம் சந்திப்புக்கு ஒதுக்கியிருக்கிறது. இதமான இளவேனில் கையருகே இருந்தும் அதைக் கொடுக்கவில்லை. வசதியான நாளில் வருகிறவன் வந்தான் என்பதில் என்ன இருக்கிறது என்று அந்தப் பழைய ஆட்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஸ்ரீ சிட்டிக்காரர்களுக்கு வேறொரு விதத்திலும் அயல்நாட்டுப் பருவம் தெரியும். அங்கே ஆல்ஸ்டாம் ஆலையில் சென்னைக்கும் கொச்சிக்கும் மெட்ரோ ரயில் பெட்டிகள் செய்தார்கள். பிறகு சிட்னிக்குச் செய்தார்கள். மாண்ட்ரியல் நகரின் புதிய ரயிலுக்கு 212 பெட்டிகள் இங்கிருந்தே போயின. 2023 ஜூலை 31-ல் அந்த ஊரில் ஓடத் தொடங்கின. மாண்ட்ரியலின் ஜனவரி இரவு மைனஸ் இருபதுக்கும் கீழே போகும். தடாவிலும் வரதய்யபாளையத்திலும் சூலூர்ப்பேட்டையிலும் வாடகைக்கு இருந்துகொண்டு, கத்திரி வெயிலில் ஷிப்ட் பஸ் பிடித்துப் போன பிள்ளைகள், பனிக்கட்டியில் நின்று ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்காகப் பெட்டியைப் பூட்டி இணைத்திருக்கிறார்கள். தான் ஒருநாளும் காணாத குளிரை மனதில் வைத்துக் கையால் வேலை செய்வது பெரிய விஷயம். அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தவர்களைவிட அந்தக் குளிரைப் பற்றி இவர்களுக்கு ஏதோ கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்கு நல்ல பருவத்தில்தான் போய்ச் சேர்ந்தார். 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பல் ஏறி ஏப்ரல் 14-ல் லண்டனில் இறங்கினார். நமக்குச் சித்திரை பிறந்த சமயம், அவர்களுக்கு வசந்தம். அதைவிட நல்ல நாள் யார் குறித்துக் கொடுக்க முடியும்? பின்னால் கேம்பிரிட்ஜில் குளிர் வந்தபோது, மேல்கோட்டைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கினார். படுக்கை விரிப்புக்கு அடியில் கம்பளிகள் இறுக்கிச் செருகி வைக்கப்பட்டிருப்பதும், அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அறைக்கு வந்த நண்பர் மகலனோபிஸ்தான் காட்டிக் கொடுத்தார். இறங்கிய நாளின் வெயில் அவருக்கு அந்த ஊரைக் கற்பிக்கவில்லை. கற்பித்தது குளிர்காலமும், வந்து பார்த்த ஒரு நண்பனும்.

என் மூத்த அக்கா பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறாள். அத்தான் புதுச்சேரிக் கத்தோலிக்கர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அத்தானின் அப்பா எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தால் எங்கள் அக்கா சத்தியவேட்டிலிருந்து அவ்வளவு தூரம் போனாள்.

முப்பது வருடம் அவள் ஆகஸ்டில் மட்டுமே ஊருக்கு வந்தாள். பிரான்சில் சம்பளத்தோடு விடுப்பு 1936-ல் சட்டமாயிற்று, முதலில் இரண்டு வாரம். இப்போது ஐந்து வாரம். அதன் பெரும் பகுதியை ஜூலையிலும் ஆகஸ்டிலும் எடுப்பார்கள். பள்ளிகளும் அப்போதுதான் மூடியிருக்கும். எனவே அக்கா எப்போதும் ஆடியில் வருவாள். ஆடியில் ஊரில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் வருவதற்கும் அவள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் அந்தத் தலைமுறைக் கல்யாணங்கள் எல்லாம் அந்தப் பத்து நாளுக்குள் அடைத்து வைத்து நடந்தவை. நடு அக்காவின் கல்யாணம் அப்படி. என்னுடையதும் அப்படி. பிரெஞ்சு அரசாங்கத்தின் விடுமுறைச் சட்டம் சத்தியவேட்டில் பந்தல்கால் நட நாள் குறித்தது. இதை யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

ஆகஸ்டில் வருகிறவளுக்கு இந்த ஊர் எப்படித் தெரியும்? ஏரி வறண்டிருக்கும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் பழவேற்காட்டு ஏரி வெடித்த சேறாகக் கிடக்கும். பூநாரை ஒன்றுகூட இருக்காது. நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்ட மழை வரவேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். உப்பலமடுகு அருவியில் தண்ணீர் கயிறாக வழியும். ஊர் அவளுக்கு எப்போதும் தன் காய்ந்த பக்கத்தையே காட்டியது. பொங்கலை அவள் முப்பது வருடம் பார்க்கவில்லை. தீபாவளியையும் பார்க்கவில்லை. அவள் பிள்ளைகள் இந்தியா என்றால் புழுதி என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

அதே ஆகஸ்டில் பாரிஸ் காலியாகிவிடும். ரொட்டிக் கடைகூட மூடியிருக்கும். 2003 ஆகஸ்டில் அங்கே வெப்ப அலை வந்தது. நம் ஊரில் அந்த வெயிலை வெயில் என்றே சொல்லமாட்டோம். ஆனால் அந்த வீடுகள் குளிரை உள்ளே விடாமல் தடுக்கக் கட்டியவை. துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு அடியில் ஆறாவது ஏழாவது மாடியில், மின்விசிறி இல்லாத சிறிய அறைகளில் முதியவர்கள் தனியாக இருந்தார்கள். பிள்ளைகள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். மருத்துவர்களில் பலரும் விடுப்பில். பிரான்ஸ் முழுவதும் ஏறக்குறைய 15,000 பேர் செத்துப் போனார்கள். கேட்பாரில்லாமல் கிடந்த 57 உடல்களைச் செப்டம்பரில் தியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, ஜனாதிபதி சிராக் வந்து நின்றார். அந்த ஆகஸ்டில் அக்கா எங்களோடு இருந்தாள். திரும்பிப் போனபோது கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக் கதவு பூட்டியிருந்ததாம். அவள் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் கிழவியின் வீடு. "நான் இங்க இருந்திருந்தா ஒரு சொம்பு தண்ணியாவது கொடுத்திருப்பேன்" என்று அவள் போனில் சொன்னது நினைவிருக்கிறது. 2019 ஜூலை 25-ல் பாரிஸில் 42.6 பாகை பதிவானது. அங்கே அதுவரை அளந்த எந்த நாளையும்விடக் கூடுதல். எது நல்ல பருவம் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதிவைத்த கணக்கு நம் கண் முன்னால் மாறிக்கொண்டிருக்கிறது.

தேருக்காக ஆகஸ்ட் கடைசியில் போகலாம், அது நியாயமான ஆசை. 1985-ல் தொடங்கிய கோயில் அது. ஊர்மக்கள் விடுமுறையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், லா ஷாப்பெல் பக்கத்து வீதிகளில் ஈழத்துச் சனங்கள் தேர் இழுப்பார்கள். வழிநெடுகத் தேங்காயைக் குவித்து உடைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஓரமாக நின்று பிரசாதம் வாங்கிக்கொள்வார்கள். அக்கா சொல்லிக் கேட்டதுதான், நான் பார்த்ததில்லை. பையன் அதைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு வருத்தம் இருக்காது.

நான் போனது அக்டோபர் கடைசியில். அத்தான் இறந்த அடுத்த வருடம் அக்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உதவிக்கு ஆள் வேண்டும். பள்ளியில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். நான் போய்ச் சேர்ந்த வாரக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். நேற்று ஆறரைக்கு மறைந்த சூரியன் இன்று ஐந்தரைக்கு மறைந்தது. அந்தத் திடீர் இருட்டு என்னை உலுக்கிவிட்டது. மழை என்றார்களே, அது மழையே இல்லை. பாரிஸின் வருட மழை சென்னையின் மழையில் பாதிக்கும் குறைவு. அதை அவர்கள் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிட்டு, தூறலாகத் தூறி முடிக்கிறார்கள். மூன்றே மாதத்தில் பெரும் பகுதியைக் கொட்டித் தீர்க்கிற வானத்தின் கீழ் வளர்ந்தவளுக்கு அது முகத்தில் பன்னீர் தெளித்தாற்போல இருந்தது.

முதல் நாள் கடைக்குப் போனபோது வாசலில் சாமந்தித் தொட்டிகள். மஞ்சள், வெள்ளை, அரக்கு, ஊதா. ஒவ்வொரு செடியும் பந்துபோல உருண்டு, இலை தெரியாமல் பூத்திருந்தது. அடுத்த கடையிலும் அப்படித்தான். ரயில் நிலைய வாசலிலும் அப்படித்தான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நம் ஊர் மாலைப் பூ, அம்மன் பூ, தலையில் வைக்கிற பூ இங்கே இப்படிக் கொட்டிக் கிடக்கிறதே என்று ஒரு தொட்டியை வாங்கி, எதிர்வீட்டு அம்மாளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வந்தேன். அக்கா பதறிவிட்டாள்.

"அய்யோ, அதை யார் வீட்டுக்கும் கொடுக்கக் கூடாதுடி. அது கல்லறைக்கு."

நவம்பர் 1 அங்கே எல்லாப் புனிதர்களின் நாள், அரசு விடுமுறை. அன்று குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளுக்குச் சாமந்தி கொண்டு போவார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு வைத்ததிலிருந்து அது பரவியதாகச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்களும் நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள் கொண்டாடி, மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைக்கிறவர்கள்தான். ஆனால் நம்மிடம் அந்தப் பூ கல்லறைக்கும் போகும், கல்யாணத்துக்கும் போகும். அங்கே அது ஒரே ஒரு வாசலுக்கு உரியது.

சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீள வேண்டும், அப்போதுதான் அது மொட்டுக் கட்டும். கர்நாடக எல்லையை ஒட்டிய தோட்டங்களில் பூப்பதைத் தள்ளிப்போட இரவில் பல்பு எரியவிடுவார்கள். வெளிச்சம் இருக்கும் வரை செடி பூக்காமல் காத்திருக்கும். எந்த இருட்டுக்குப் பயந்து எல்லோரும் அந்த மாதத்தைத் தவிர்க்கிறார்களோ, அந்த இருட்டுதான் அந்த ஊர் முழுவதையும் பூக்க வைத்திருந்தது.

ஒன்றாம் தேதி காலையில் அக்கா ஊன்றுகோலோடு கிளம்பினாள். நான் மஞ்சள் சாமந்தித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். எதிரில் ஒரு ஆப்பிரிக்கத் தாய், அவள் மடியிலும் தொட்டி. பக்கத்தில் கோட்டு போட்ட ஒரு முதியவர், அவர் காலடியில் இரண்டு தொட்டி. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பேச்சுத் தேவைப்படவும் இல்லை. நான் எங்கே போகிறேன் என்று அந்தப் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இறங்கும்போது அந்த முதியவர் என் தொட்டியை வாங்கிக்கொண்டார். அக்காவைக் கைபிடித்து இறக்கு என்று கையால் காட்டினார். இறக்கிவிட்ட பிறகு தொட்டியைத் திருப்பிக் கொடுத்து, தலையை லேசாகச் சாய்த்துவிட்டுத் தான் போகவேண்டிய கல்லறையைப் பார்த்து நடந்தார்.

நான் ஈஃபில் கோபுரத்தையும் ஒருநாள் பார்த்தேன். உச்சி மேகத்துக்குள் இருந்தது. அருங்காட்சியகத்தில் கூட்டம் இல்லாததால் ஒரு படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடிந்தது. மெட்ரோ வாசலில் நம் பக்கத்து முகங்கள் தள்ளுவண்டியில் கரி மூட்டிக் கஷ்கொட்டை வறுத்து விற்றன. பொட்டலம் உள்ளங்கைக்குச் சூடாக இருந்தது. இவையெல்லாம் அந்தப் பருவத்தின் நன்மைகள்தான். ஆனால் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த இருபது நிமிடத்தை வைத்துத்தான் நான் பாரிஸுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்கிறேன். அந்த ஊர் அன்று என்னைப் போன்ற யாருக்காகவும் அலங்கரித்துக்கொண்டு நிற்கவில்லை. தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காரியத்தில் எனக்கும் ஒரு தொட்டி தூக்குகிற வேலை இருந்தது.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு, எந்த மாதமும் வரலாம் என்று ஆனதும், அவள் முதலில் தேர்ந்தெடுத்தது நவம்பரைத்தான். முதல் இரண்டு நாள் கல்லறை முடித்துவிட்டுக் கிளம்பினாள். "இப்ப வராதக்கா, புயல் காலம், ஜனவரில வா, பூநாரை பாக்கலாம்" என்று எல்லோரும் சொன்னோம். கேட்கவில்லை. வந்த மூன்றாம் நாள் தாழ்வு மண்டலம். கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அவள் நாள் முழுவதும் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். ஓடு நனைகிற வாசனை, தவளை, கொல்லையில் முருங்கை ஒடிந்து விழுந்த சத்தம். காபி கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போனது. "முப்பது வருஷம்டி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் பையனின் படிவத்தைப் பற்றி அவளிடம் போனில் சொன்னேன். யார் யார் என்னென்ன மாதம் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுபடி வந்திருந்த அவன் போனை வாங்கி, "பெரியம்மா, நீங்களே சொல்லுங்க, எப்ப வரட்டும்?" என்றான்.

"எப்ப வேணா வா கண்ணு. அக்டோபர்ல வந்தா, ஒண்ணாந்தேதி லீவுதான் உனக்கு. தொட்டி கனமா இருக்கு, இப்பல்லாம் என்னால தூக்க முடியல."

அவன் படிவத்தை மேசையில் விரித்து, என்னிடம் பேனா கேட்டான்.